கள்ளுச் சாடியில் வந்த சாமி

நைல் ஆற்றில் மெம்பிஸ் நகரத்திலிருந்து ஒரு பகல் தெற்கே துடுப்புப் போட்டால் ஒரு படகுத்துறை ஊர் வரும். பனி மூடிய விடியற்காலைகளில் படகுக்காரர்கள் ரூருவின் சிரிப்பைக் கேட்டுத்தான் கரை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்று சொன்னாலும் அதில் பாதிக்கு மேல் உண்மை.

பார்லிக் கள் வடித்து விற்றவள் அவள். பாதி வெந்த ரொட்டியைப் பிய்த்துத் தொட்டியில் ஊறப்போட்டு, பேரீச்சம்பழம் சேர்த்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு காலால் மிதிப்பாள். பிறகு கூடையில் வடித்து, சாடியில் ஊற்றி, வாயைக் களிமண்ணால் அடைப்பாள். "காலைக் கழுவிட்டுத்தான் மிதிக்கிறேன்" என்பாள் வாங்க வந்தவர்களிடம். "கழுவாம மிதிச்ச அன்னைக்குத்தான் நல்லா வந்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. உங்களுக்கு எது வேணும்?"

அடுத்த வீடு அவள் ஓரகத்தி தமீத்தினுடையது. அண்ணன் ஹொருஜாவுக்கு வாழ்க்கைப்பட்டவள் ரூரு. தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் தமீத். அந்த ஊர்ப் பேச்சில் தமீத் என்றால் பூனை. பெயருக்கேற்ற ஆள்தான். சின்ன உடம்பு, கூர்மையான நகம், வீட்டுக்குள் வந்தாளா போனாளா என்பதே தெரியாத நடை. மாவு உருண்டை ஊட்டி வாத்துகளைக் கொழுக்கவைத்து விற்பது அவள் தொழில்.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரே கவலை. ஆற்றில் வெள்ளம் வந்து வந்து போயிற்று. இருவர் வயிற்றிலும் ஒன்றும் தங்கவில்லை. ஐசிஸ் அம்மன் திருவிழாவுக்கு இருவரும் ஒன்றாகப் போனார்கள். கோயில் வாசலில் வார்ப்புக்காரன் கடை போட்டிருந்தான். சூடான தேன்மெழுகை அச்சில் அழுத்தி அவன் எடுத்து வைத்த பிள்ளைகள் பலகை முழுக்க உட்கார்ந்திருந்தன. எல்லாம் அம்மனின் மகன் குழந்தை ஹோரஸ்தான். உள்ளங்கை அளவு, உடம்பில் துணி கிடையாது, மொட்டைத் தலையில் ஒரு பக்கம் மட்டும் சடை, வாயருகே ஒரு விரல். எது பிடிக்கிறதோ அதைக் காட்டினால் அதன்மேல் களிமண் பூசித் தீயில் வைப்பான். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் வெண்கலம் போய் உட்காரும். பிறகு காலடியில் கொடுத்தவர் பெயரைச் செதுக்குவான்: இன்னாருக்குக் குழந்தை ஹோரஸ் உயிர் தருவாராக.

ரூரு சடை நுனி லேசாக வெளியே வளைந்த ஒன்றைப் பார்த்தாள். பார்த்ததுமே மனசு ஒட்டிக்கொண்டது.

"இவன்தான் போக்கிரி. இவனைக் குடு."

தமீத் பக்கத்திலிருந்த ஒன்றை எடுத்து, வாத்து வாங்குகிறவளைப் போல முன்னும் பின்னும் அடியிலும் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது" என்றாள்.

இருவருக்கும் எழுத்து தெரியாது. செதுக்கிய பெயரை வார்ப்புக்காரன் படித்துக் காட்டினான், நம்பிக்கொண்டார்கள். வெண்கலப் பிள்ளைகள் இரண்டையும் கோயிலில் வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வெள்ளத்துக்குள் ரூருவுக்கு ஹர்பெஸ் பிறந்தான். அதற்கடுத்து தமீத்துக்கு மகள் இரேத் பிறந்தாள். கொஞ்ச காலம் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே அடுப்பு, ஒரே சண்டை.

அந்த முற்றத்தைக் கெடுத்தது ஒரு வாத்து. தமீத்தின் வாத்துகளில் ஒன்று ரூருவின் கள்ளுத் தொட்டியில் ஏறி, வயிறு முட்டக் குடித்து, முற்றத்தில் ஆடிப் பாடி, திரும்பத் தொட்டிக்குள்ளேயே விழுந்து உயிரை விட்டது. கள் போச்சு என்றாள் ரூரு. வாத்து போச்சு என்றாள் தமீத். வளர்ப்பு சரியில்லை என்று இவள் சொல்ல, வடிப்பு சரியில்லை என்று அவள் சொல்ல, மறுநாள் முற்றத்தின் நடுவே மண்கல் சுவர் எழுந்தது. சுவரைக் கட்டியவர்கள் அண்ணனும் தம்பியும்தான். கட்டி முடித்ததும் இருவரும் துறைப்பக்கம் போய் ஒன்றாக உட்கார்ந்து குடித்தார்கள். அன்று முதல் தினமும் அப்படித்தான். பெண்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் நினைப்பு.

ஹர்பெஸ் வளர்ந்து தோள் அகன்றவனானான். தெற்கே அருவிப் பாறைகளுக்குப் பக்கத்திலிருந்து அரசாங்கத்துக்குக் கருங்கல் ஏற்றிவரும் படகில் சேர்ந்தான். போகும்போது அம்மாவின் கள்ளில் ஒரு சாடியைத் தோளில் தூக்கிக்கொண்டான். வெள்ளம் வரும்போது அதன் மேலேறித் திரும்பிவிடுவேன் என்றான்.

அந்தக் கோடையில்தான் கோயிலிலிருந்து அந்தச் செய்தி வந்தது. அம்மன் சந்நிதியில் கால் வைக்க இடமில்லை. பழைய சாமிகளையெல்லாம் துணி சுற்றிக் கோயில் மண்ணுக்குள்ளேயே புதைக்கப் போகிறார்கள்.

ரூரு கையிலிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் கோயிலுக்கு ஓடினாள். அங்காபி என்ற பூசாரி, தலையும் புருவமும் வழித்த மெலிந்த மனிதர், வாசற்படியில் உட்கார்ந்து கால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, என் பிள்ளையை மட்டும் விட்டுடுங்க."

"எந்தப் பிள்ளை?"

"வெண்கலப் பிள்ளை. அதைப் பாத்துத்தான் ஹர்பெஸ் பொறந்தான். அவன் இப்ப அருவிப் பக்கம் கல்லு ஏத்திக்கிட்டு இருக்கான். இந்த நேரம் பாத்து அதோட கண்ணை மண்ணு போட்டு மூடுனா எப்படி சாமி?"

"கண்ணை மூடலைம்மா, தூங்க வைக்கிறோம். அம்மா மடிக்குப் பக்கத்துல. அதைவிட மரியாதை உண்டா?"

"மேக்கே மணல்ல எத்தனையோ பேரைத் தூங்க வச்சிருக்கோம். எவன் எந்திரிச்சு வந்து கள்ளு கேட்டான்?"

அங்காபி சிரித்துவிட்டார். ஆனால் அசையவில்லை. "வருசா வருசம் கொண்டாந்து வைக்கிறீங்க. இன்னும் ஒண்ணு வந்தா நான் தெருவுல நின்னுதான் பூசை பண்ணணும். குடுத்தது குடுத்ததுதான் ரூரு. இனி அது உன்னுது இல்ல. வெள்ளத்துக்குள்ள குழியை மூடணும்."

"என் பிள்ளை வர்ற வரைக்குமாவது."

"முடியாதும்மா."

முடியாது என்று சொன்னவரே குழி தோண்டுகிற ஆட்களுக்குக் கள் கொண்டுவரச் சொன்னது அம்மன் செயல் என்று ரூரு எடுத்துக்கொண்டாள். உச்சி வெயிலில் பூசாரிகள் குளத்தில் முழுகப் போயிருந்தார்கள். சாமிகள் முற்றத்தில் கூடை கூடையாகக் கிடந்தன. குழி வெட்டுகிறவர்கள் சாடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கூடைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடினாள். எல்லாப் பிள்ளைகளும் விரலை வாயில் வைத்துக்கொண்டு, எங்களை ஒன்றும் கேட்காதே என்பதுபோல் பார்த்தன. கடைசியில் ஒரு கூடையின் ஓரத்தில் அந்தச் சடை தெரிந்தது. நுனி வெளியே வளைந்த போக்கிரிச் சடை. இன்னொரு முறை பார்க்க அவள் நிற்கவில்லை. காலிச் சாடிக்குள் போட்டு, மேலே ஒரு பிடி வைக்கோலைத் திணித்தாள்.

வாசலில் அங்காபி ஈரத் துணியோடு எதிரே வந்தார். நல்ல மனிதர், சாடியைத் தூக்கித் தலையில் வைத்துவிடக் கை கொடுத்தார்.

"காலிச் சாடி இந்தக் கனம் கனக்குது?"

"அடிமண்டி சாமி. உங்க ஆளுங்க நல்லதையெல்லாம் குடிச்சிட்டு மண்டியை எனக்கு விட்டு வச்சிருக்காங்க."

வீட்டில் பார்லிக் கூடைகளுக்குப் பின்னால் ஒரு மாடத்தில் அவள் பிள்ளையைக் கழுவி உட்கார வைத்தாள். எவ்வளவு கழுவியும் கள் வாசம் போகவில்லை. தினமும் காலையில் ஒரு தேன் பணியாரமும் ஒரு துளி கள்ளும் வைத்து, மனசு உருகக் கேட்பாள்:

"உன் காலடியில யாரு பேரு எழுதியிருக்கோ, அவ வீட்டுல ஒரு குறையும் வரக்கூடாது. அவ பெத்ததுக்கு ஒரு கீறல் விழக்கூடாது. அவ கும்பிட்டது வீண் போகக்கூடாது."

சாமி உண்ட மிச்சத்தைத் தின்னும் வேலை ஹொருஜாவுக்கு. வாழ்நாளில் அவர் இவ்வளவு பக்தியாக இருந்ததில்லை.

பலன் தெரியத் தொடங்கியது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம்.

முதலில் தமீத்தின் முட்டி வலி போயிற்று. வருடக்கணக்காக ஏணியைப் பார்த்தாலே முனகியவள், இப்போது மாடிக்கும் முற்றத்துக்கும் பறந்துகொண்டிருந்தாள். பிறகு அவள் வாத்துகள் பருவம் தப்பிய முட்டைகளாக இட்டுத் தள்ளின. கட்டிக்கொடுத்து வெகு நாளாகியும் வயிறு திறக்காமலிருந்த இரேத், வாந்தி எடுத்துக்கொண்டு தாய்வீடு வந்து சேர்ந்தாள். யாரைக் கண்டாலும் உதைக்கும் அவர்கள் கழுதைகூடச் சாதுவாயிற்று. ஒவ்வொன்றும் சுவர் தாண்டிக் காதில் விழும். ரூரு தொட்டியில் மிதிக்கிற மிதி அதற்கேற்பக் கடுமையாகும்.

"அவளுக்குன்னு எல்லாம் தேடிப் போய் விழுது" என்பாள் புருஷனிடம். "நான் இங்க தினமும் கரடியாக் கத்துறேன்."

"வேணும்னா இன்னொரு பணியாரம் சேத்து வையேன்" என்பார் ஹொருஜா.

வெள்ளம் வந்தது. தண்ணீர் முதலில் பச்சையாக, பிறகு செம்மண் நிறத்தில் ஏறியது. தெற்கேயிருந்து படகுகள் வரத் தொடங்கின. ஹர்பெஸின் படகு வரவில்லை. ரூரு தினமும் துறையில் போய் நின்றாள். சிரிப்பு கேட்காத விடியற்காலைகள் சில கடந்தன.

ஒரு நாள் அவள் மாடத்தின் முன்னால் மண்டியிட்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"அக்கா."

தமீத். சுவர் எழுந்த பிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் பட்டதே இல்லை. வாசல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், சத்தம் கேட்கவில்லை.

"துறையில பேசிக்கிறாங்க. ஒரு கல்லுப் படகு பாறையில மோதி உடைஞ்சிருச்சாம். யாரோடதுன்னு தெரியல. வேற எவளாவது வந்து தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டுச் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்னு வந்தேன்."

ரூரு துறைக்கு ஓட எழுந்தாள். தமீத் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போதுதான் அவள் கண் மாடத்தின் பக்கம் போயிற்று.

"இது யாரு?"

"என் சாமி. கோயில்லேருந்து எடுத்துட்டு வந்துட்டேன். போய்ச் சொல்லணும்னா சொல்லு."

"உன்னுதுன்னு எப்படித் தெரியும்?"

"சடை நுனியைப் பாரு. வளைஞ்சிருக்கு."

"என்னுதும் வளைஞ்சுதான் இருந்துச்சு."

"பொய் சொல்லாத."

"ஒரே அச்சு அக்கா. அச்சுல கோணல் இருந்தா எல்லாப் பிள்ளைக்கும் கோணச் சடைதான். நீதான் ஊர்லயே உனக்கு ஒருத்திக்குத்தான் போக்கிரின்னு நினைச்சுக்கிட்டே."

தமீத் சாமியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள். உட்காரும் இடத்தில் ஒரு சின்னப் பிறைப்பள்ளம் இருந்தது. அதில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"நாம காட்டுனதையே அந்த ஆளு வார்த்துக் குடுப்பான்னு என்ன நிச்சயம்? மெழுகா இருக்கும்போதே குண்டியில நகத்தை அழுத்தி வச்சுட்டேன். ஆளை மாத்துனா கண்டுபிடிக்கலாம்ல."

ரூரு அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி. முட்டைகள். இரேத்தின் வயிறு. கழுதை. ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போயிற்று.

"அப்ப நான் ஊட்டுனதெல்லாம் உனக்கா?"

"அதான் பார்த்தேன்" என்றாள் தமீத். "என் முட்டிக்கு என்னடா திடீர்னு வந்துச்சுன்னு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க வாயில் விரலை வைத்துக்கொண்டாள். மாடத்துப் பிள்ளையைப் போலவே இருந்தாள். ஆனால் ரூருவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள்.

"என் பிள்ளையோட சாமி குழிக்குள்ள கிடக்கு" என்றாள் ரூரு. "ஒரு வாய் கள்ளு இல்லாம. நான் இங்க ஊரான் பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியில் கள் பொங்கிக் குமிழிட்டது. ரூரு மெல்லக் கேட்டாள்.

"இது நீ சொன்னாக் கேக்குமா?"

"என் பேருதானே எழுதியிருக்கு."

"அப்ப நீ சொல்லு."

"என்னன்னு?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

"தெரியும் அக்கா. ஆனா நீ வாயைத் திறந்து கேக்கணும். இந்தச் சுவரு வந்ததுலேருந்து நீ என்கிட்ட ஒரு கல்லு உப்புகூடக் கேட்டதில்ல."

ரூரு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் பிள்ளையைக் கொண்டாந்து விடச் சொல்லுடி."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த வாத்தைப் பத்தி ஒரு வார்த்தை."

"இப்பவா?"

"இப்பதான் நீ உண்மை சொல்லுவே."

"வாத்து மேல தப்பில்ல."

"குடிகாரி இல்லன்னு சொல்லு."

"குடிகாரி இல்ல. விருந்துக்கு வந்தவ. போதுமா?"

தமீத் சாமியை மடியில் வைத்து, குழந்தையின் முகவாயைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். கும்பிடுகிறவள் குரலில்லை அது. வாத்துக் கொட்டிலில் கேட்கிற குரல்.

"இங்க பாருடா. இத்தனை நாளா இவ கையால தின்னுட்டு எனக்குச் செஞ்சிருக்க. வெக்கமா இல்ல? நான் கேட்டேனா முட்டை? சரி, போனது போகட்டும். இவ பையன் ஆத்துல இருக்கான். அவன் என் மடியிலயும் மூத்திரம் பேஞ்சவன்தான். கொண்டாந்து விடு. என் முட்டியை வேணும்னா திருப்பி எடுத்துக்க. எடுத்துக்கிட்டு அவனைக் குடு. குடுக்கலேன்னா வாத்துக் கொட்டில்ல உன்னைத் தலைகீழா நட்டு வைப்பேன். உங்க அம்மா வந்து கேட்டாலும் எனக்குப் பயமில்ல."

மறுநாளிலிருந்து துறையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு கூடை வெங்காயம். ஒருத்தி உரிப்பாள், இன்னொருத்தி ஆற்றைப் பார்ப்பாள். கண்ணில் நீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

ஹர்பெஸ் வந்தது கல் படகில் இல்லை. தர்ப்பூசணி ஏற்றிய ஒரு தோணியில், குவியல் உச்சியில், ஒரு கையைத் துணியால் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடைந்தது அவன் படகுதான். சுழலில் விழுந்தவனுக்குக் கையில் அகப்பட்டது அம்மாவின் சாடி. குடித்து முடித்து, பழைய பழக்கத்தில் வாயைக் களிமண்ணால் அடைத்து வைத்திருந்த காலிச் சாடி. அதைக் கட்டிக்கொண்டு கரை ஒதுங்கியிருக்கிறான்.

அன்று ரூரு சிரித்த சிரிப்புக்கு அக்கரையில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. தமீத்தும் எழுந்து ஓடப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்துக்கிட்டான் பாரு" என்றாள். அப்படியொரு பெருமை அவள் முகத்தில்.

குழி அதற்குள் மூடியாகிவிட்டது. இருவரும் அங்காபியிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். அவர் வழித்த தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "அம்மா மடியில படுத்த பிள்ளைகள்ல ஒண்ணு தெருவுல விளையாடப் போயிருக்குன்னு நினைச்சுக்கிறேன்" என்றார் கடைசியில். "அடிமண்டி கொஞ்சம் நல்லதா இருந்தா ஒரு சாடி அனுப்பு."

சாமியை யார் வீட்டில் வைப்பது என்று புதிதாக ஒரு சண்டை வந்தது. சாமி என்னுடையது என்றாள் தமீத். வாசம் என்னுடையது என்றாள் ரூரு. அண்ணனும் தம்பியும் மறுபடி மண்வெட்டி எடுத்து, சுவரின் நடுவில் இரு பக்கமும் திறந்த ஒரு மாடம் குடைந்தார்கள். ஒரு நாள் பிள்ளை இந்தப் பக்கம் பார்ப்பான், மறுநாள் அந்தப் பக்கம் பார்ப்பான். அவன் முதுகு காட்டுகிற நாளில் அந்தப் பக்கத்துக்காரி ஓட்டை வழியே கையை விட்டு அவன் பணியாரத்தைக் கிள்ளிவிடுவாள். அந்த வழியாக உப்பு போயிற்று, நெருப்பு போயிற்று, ஊர்வம்பு முழுக்கப் போயிற்று. இரேத்தின் குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதுவும் போகப் பார்த்து இடுப்பில் மாட்டிக்கொண்டது.

யார் காப்பாற்றியது என்பது மட்டும் தீரவே இல்லை. "மண்ணுக்குள்ள இருந்தாலும் என் பிள்ளைதான்" என்பாள் ரூரு. "என் முட்டியைக் கேளு" என்பாள் தமீத். "சாடி" என்பான் ஹர்பெஸ். அவனை இருவரும் சேர்ந்து அடிக்கப் போவார்கள்.

ரூரு ஒரு அறுவடைக் காலத்தில், சாடி ஒன்றுக்குக் களிமண் அடைத்துக்கொண்டிருக்கும்போது மேற்கே மணலுக்குப் போய்ச் சேர்ந்தாள். அடைப்பில் அவள் விரல் தடம் ஈரமாக இருந்தது. அந்தச் சாடியை ஹர்பெஸ் திறக்கவில்லை, அவளோடு அனுப்பினான்.

இப்போது தமீத்துக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. பிள்ளை ரூரு வீட்டுப் பக்கம் பார்க்கிற நாளில், முட்டியைப் பிடித்துக்கொண்டு, தெருவைச் சுற்றி, வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போகிறாள். தன் பக்கத்திலிருந்து கையை விட்டே வைக்கலாம், வைப்பதில்லை. பணியாரத்தை வைத்துவிட்டு, குனிந்து, பிள்ளையின் காதருகே சொல்கிறாள்.

"என் பேருதான் உன் காலடியில இருக்கு. அதனால நான் சொல்றேன், கேட்டுக்க. அங்க அவளுக்கு ஒரு நல்ல தொட்டியாக் குடு. காலைக் கழுவிட்டு மிதிக்கச் சொல்லு."

கொஞ்சம் யோசித்து, பிறகு சேர்த்துக்கொள்கிறாள்:

"கழுவாட்டியும் பரவாயில்ல."